எர்த் மின்தடையின் ‘ஓம்’ எண்ணோடு நின்றுவிடாதீர்கள்: கைபேசிக் கோபுர நிறுவனங்களுக்கும் ஊராட்சி இணையத் திட்டப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கைபேசிக் கோபுரங்களை நிறுவிப் பராமரிக்கும் உள்கட்டமைப்பு நிறுவனங்களின் பொறியியல் தலைவர்களுக்கும், அக்கோபுரங்களில் தங்கள் கருவிகளை ஏற்றியிருக்கும் சேவை நிறுவனங்களுக்கும், ஊராட்சி அலுவலகங்கள்வரை கண்ணாடியிழை கொண்டுசெல்லும் திட்டங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தொலைபேசி நிலையங்களின் மின்வழங்கல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அதற்குப் பின்னும் கோபுரத் தளங்களில் எர்த் வேலைகளைப் பார்வையிட்டு அறிக்கை தரும் பணியை அவ்வப்போது செய்துவருகிறேன். ஒவ்வொரு சித்திரை, வைகாசிக் கோடை மழையின்போதும், பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போதும் இடி விழுந்து கருவிகள் கருகிய தளங்களின் படங்கள் எனக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலான தளங்களின் ஏற்புச் சோதனைப் படிவத்தில் எர்த் மதிப்பு (நிலத்துக்குப் போகும் வழியின் மின்தடை) சரியாக இருப்பதாகவே எழுதப்பட்டிருக்கிறது. படிவத்தில் குறை இல்லாத தளம் ஏன் ஆண்டுதோறும் எரிகிறது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடையை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். நீங்கள் எர்த் குழியை அளக்கிறீர்கள், ஆனால் பிணைப்பை, அதாவது தளத்தில் உள்ள உலோகப் பகுதிகளையும் எர்த்துகளையும் ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்பை, அளப்பதில்லை. கருவியைக் காப்பாற்றுவது முதலாவதைவிட இரண்டாவதுதான்.

ஒரு தளத்தை ஒப்படைக்கும்போது நிரப்பப்படும் படிவத்தைப் பாருங்கள். எர்த் குழி எத்தனை, அதன் மின்தடை எத்தனை ஓம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவது கட்டத்தில் ஒன்றுக்குக் கீழான ஓர் எண் எழுதப்பட்டுவிட்டால் வேலை முடிந்தது, பட்டியல் தொகை வழங்கப்படும். கோபுரத்தின் கால்களுக்கும் கருவி அறையின் எர்த் பட்டைக்கும் இடையே உலோகத் தொடர்ச்சி உண்டா, ஜெனரேட்டரின் உடல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது, மின்வாரிய இணைப்பின் எர்த்தும் கோபுரத்தின் எர்த்தும் ஒன்றா வேறா, ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள்களின் உலோக உறை அறைக்குள் நுழையும் முன் எங்கே நிலத்தோடு இணைகிறது என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. கேட்கப்படாத கேள்விக்கு ஒப்பந்ததாரர் ஏன் செலவு செய்யப்போகிறார்?

அந்த ஒற்றை எண் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணமான ஒரு மின்னலின் முதல் வீச்சு ஏறத்தாழ 30 கிலோ ஆம்பியர். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் மின்னல் பாதுகாப்புத் தரமான ஐ.இ.சி. 62305, பாதுகாப்பின் தாழ்ந்த நிலைகளுக்கே 100 கிலோ ஆம்பியரையும், உயர்ந்த நிலைக்கு 200 கிலோ ஆம்பியரையும் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் குழி உண்மையாகவே 1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 30 கிலோ ஆம்பியர் அதன் வழியே நிலத்தில் இறங்கும்போது அந்த எர்த் அமைப்பு தொலைவிலுள்ள நிலத்தைவிட 30,000 வோல்ட் உயர்ந்துவிடும். 3 ஓம் என்றால் 90,000 வோல்ட். இணையக் கேபிள் செருகும் ஈதர்நெட் முனையின் மின்காப்பு 1,500 வோல்ட்டுக்குத்தான் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே குழியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், எவ்வளவு வேதிக்கலவை கொட்டினாலும், மின்னல் விழும் கணத்தில் தளம் மின்னழுத்தத்தில் உயர்வதைத் தடுக்க முடியாது. உயரும்போது தளத்தில் இருக்கும் எல்லாமே சேர்ந்து உயருமாறு செய்ய மட்டுமே முடியும். 11,000 வோல்ட் கம்பியில் இரண்டு கால்களையும் ஊன்றி உட்கார்ந்திருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இறக்கை பக்கத்துக் கம்பியையோ கம்பத்தின் இரும்பையோ தொடும் கணத்தில்தான் அது செத்து விழுகிறது. உங்கள் கருவிகளும் அப்படித்தான். ஒரு கருவியின் ஒரு முனை கோபுரத்தின் எர்த்தோடும் மறுமுனை மின்வாரியத்தின் எர்த்தோடும் கட்டப்பட்டு, அவ்விரண்டுக்கும் இடையே பிணைப்பு இல்லாமல் போனால், மேலே சொன்ன பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு முழுவதும் அந்தக் கருவியின் உள்ளே வந்து உட்காருகிறது.

இங்கே நம் தளங்களின் மிகப் பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். ஒரே கோபுரத்தை இரண்டு மூன்று நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. கோபுரம் நிறுவியவர் தமக்கென இரண்டு குழி போடுகிறார். பிறகு வரும் சேவை நிறுவனத்தின் கையேடு தனி எர்த் கேட்கிறது, எனவே அவருடைய ஒப்பந்ததாரர் வேலியோரம் இன்னொரு குழி தோண்டித் தம் கருவிப் பெட்டியிலிருந்து அதற்குப் பச்சை வயர் இழுக்கிறார். மூன்றாமவர் வந்து நான்காவது குழி போடுகிறார். ஜெனரேட்டருக்கு இரண்டு, மின்வாரிய மீட்டர் பெட்டிக்கு ஒன்று. இப்படி ஒரு சிறு வேலிக்குள் ஏழெட்டுக் குழிகள் இருந்தும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தளங்களை நான் மாவட்டம்தோறும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குழியையும் தனித்தனியே அளந்தால் நல்ல மதிப்பு வருகிறது. ஆனால் கோபுரத்தில் மின்னல் இறங்கினால் ஒவ்வொரு குழியும் வெவ்வேறு மின்னழுத்தத்துக்கு ஏறும். குழிகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்தத் தளம் பாதுகாப்பாகிறது என்ற எண்ணம் அடிப்படையிலேயே தவறானது. பிணைக்கப்படாத ஒவ்வொரு குழியும் கருவிக்கு வந்து சேரும் இன்னோர் ஆபத்து.

இடிதாங்கியின் எர்த்தைக் கருவியின் எர்த்தோடு சேர்த்தால் மின்னல் கருவிக்குள் வந்துவிடாதா என்ற அச்சம் மூத்த மேற்பார்வையாளர்களிடம்கூட ஆழமாக இருக்கிறது. கருவிக்குத் தூய்மையான எர்த் வேண்டும், இடிதாங்கியின் எர்த் அழுக்கானது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித் தோண்டிய குழி கோபுரத்திலிருந்து தனித்து நின்றுவிடுவதில்லை. கேபிள் உறைகள், மின் கம்பிகள், ஈர மண் என எத்தனையோ வழிகளில் இரண்டும் ஏற்கெனவே தொடர்பில்தான் உள்ளன, அத்தொடர்பு கருவியின் உட்புறம் வழியாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். வெளியே தடித்த செம்புப் பட்டையால் நாமே இணைத்துவிட்டால் அந்த மின்னோட்டம் கருவிக்குள் புகத் தேவையில்லை. ஐ.இ.சி. 62305இன் மூன்றாம் பகுதி, மின்னல் பாதுகாப்பின் நோக்கில், கட்டமைப்பு முழுமைக்கும் ஒருங்கிணைந்த ஒரே நில அமைப்பே சிறந்தது என்கிறது. அதே பகுதி, நில அமைப்பின் வடிவமும் பரிமாணமுமே முதன்மையான அளவுகோல்கள் என்றும், தாழ் அதிர்வெண்ணில் அளக்கும் மின்தடை இயன்றால் 10 ஓமுக்குக் கீழ் இருப்பது நல்லது என்றும் மட்டுமே பரிந்துரைக்கிறது. நாம் தலைகீழாக, வடிவத்தைக் கேட்காமல் 1 ஓமைக் கேட்கிறோம். அலைபேசித் தளங்களுக்கென்றே எழுதப்பட்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐ.டி.யு.-டி கே.56, கே.112 பரிந்துரைகளும் கோபுரத்தையும் கருவி அறையையும் சுற்றி வளையமாகக் கடத்திக் கம்பியைப் புதைத்து, இரண்டு வளையங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் வழியையே காட்டுகின்றன.

பிணைப்பு இருந்தால் மட்டும் போதாது, அது குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும் என்பதையும் நம் களப் பணியாளர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடலோரத் தளம் ஒன்றின் கருவி அறையில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். சுவரில் செம்பு எர்த் பட்டை பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கருவி அடுக்கிலிருந்து அதற்கு வரவேண்டிய தொலைவு ஒன்றரை மீட்டர்தான். ஆனால் பணியாளரிடம் இருந்த வயர் நீளமானது. அவர் செம்பை வெட்டி வீணாக்க மனமில்லாமல், மிஞ்சியதை ஏழெட்டுச் சுற்றாக வளையமாகச் சுருட்டி, கேபிள் டை போட்டு, மிக அழகாகச் சுவரோரம் தொங்கவிட்டிருந்தார். மல்டிமீட்டரில் பார்த்தால் அந்த வயரின் தடை சுழியத்துக்கு மிக அருகில்தான் காட்டும். ஆனால் மின்னல் என்பது மெதுவாக ஓடும் மின்னோட்டம் அல்ல, அது மைக்ரோ விநாடிகளில் எழுவது. நேரான கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி தூண்டலை, அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் பண்பை, கொண்டது. அதில் மைக்ரோ விநாடிக்கு 10 கிலோ ஆம்பியர் வீதம் மின்னோட்டம் எழுந்தால், ஒரு மீட்டர் கம்பியின் இரு முனைகளுக்கிடையே 10,000 வோல்ட் தோன்றும். நேர்க்கம்பிக்கே இந்தக் கதி என்றால், சுருட்டி வைத்த வளையத்தின் தூண்டல் இன்னும் பல மடங்கு. பார்வைக்கு நேர்த்தியாக இருந்த அந்தச் சுருள்தான் அந்த அறையின் மிக மோசமான பகுதி. அதைச் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் காரணத்தோடு கற்றுக்கொடுக்காதவர்கள் நாம்தான்.

மின்னெழுச்சித் தடுப்பானுக்கும் இதே விதிதான். மின் பலகையில் அந்தத் தடுப்பான் (எஸ்.பி.டி.) பொருத்தப்பட்டிருக்கும், அதன் சான்றிதழும் கோப்பில் இருக்கும். ஆனால் அதற்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த்துக்கு வரும் வயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நிறுவல் விதி பின்பற்றப்படுவது அரிது. பலகையின் மேல்மூலையில் தடுப்பானும் கீழ்மூலையில் எர்த் முனையும் வைத்து இரண்டு மீட்டர் வயரால் இணைத்தால், தடுப்பான் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அந்த வயரில் தோன்றும் அழுத்தமும் சேர்ந்தே கருவிக்குப் போகும். தடுப்பானின் நிலையைக் காட்டும் சாளரம் பச்சையிலிருந்து, பழுதைக் குறிக்கும் சிவப்புக்கு மாறி மாதக்கணக்கில் யாரும் பார்க்காத தளங்களும் உண்டு.

வேலைத்தரம் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கிக்கொள்கிறேன். பெயின்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே லக் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து முறுக்குவது, ஒரே போல்ட்டில் மூன்று நான்கு லக்குகளை அடுக்குவது, ஒரு கருவியின் எர்த்தை அடுத்த கருவிக்கும் அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் சங்கிலியாகத் தொடுப்பது, செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேரடியாக ஒட்டி வைத்து இரண்டே மழைக்காலத்தில் அரித்துப்போக விடுவது, இவை ஒவ்வொன்றும் பார்த்த உடனே சரிசெய்யத் தக்கவை. இவற்றுக்குப் பணத்தைவிடக் கவனம்தான் தேவை.

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நம் கருவிகள் மைனஸ் 48 வோல்ட்டில் ஓடுகின்றன. இரண்டு வோல்ட் ஈயமின்கலங்கள் இருபத்துநான்கைத் தொடராக வைத்து, நேர்முனையை நிலத்தோடு கட்டுவது தொலைபேசி நிலையங்களின் தொடக்க காலத்திலிருந்து வரும் வழக்கம். கடத்திகள் நிலத்தைவிட எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால், ஈரம் கசியும் இடங்களில் செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படாது என்பதே அதற்குக் காரணம். வாகனங்களில் எதிர்முனையை உடலோடு கட்டிப் பழகிய எலெக்ட்ரீஷியன், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயரின் நேர்முனை எர்த் பட்டையில் இருப்பதைப் பார்த்துத் தவறு என்று கழற்றிவிட வாய்ப்புண்டு. அதைவிடப் பரவலான பிழை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நேர்முனைக் கம்பியை ஒரே இடத்தில் எர்த் பட்டையோடு இணைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு கருவியிலும் இணைத்துவிடுவது. அப்போது கருவிகளின் இயங்கு மின்னோட்டத்தின் ஒரு பகுதி எந்நேரமும் பிணைப்புக் கம்பிகளிலும் கேபிள் உறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும். எர்த் வயரில் மின்னோட்டம் ஓடுவது எங்கோ தவறு இருக்கிறது என்பதன் அறிகுறி. வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக் கூடிய இச்சோதனைகூட நம் பராமரிப்புப் பட்டியலில் இல்லை.

இனி ஊராட்சி இணையத் திட்டங்களுக்கு வருகிறேன். 2011இல் தேசியக் கண்ணாடியிழை வலையமைப்பாக ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் ஆன திட்டத்தின் வழியே தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது என்ற இலக்கு மிகப் பெரிய முயற்சி. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் முதியவர்களுக்கும் அது எவ்வளவு தேவை என்பதை அறிந்தவன் என்ற முறையில் அதன் வெற்றியை மனதார விரும்புகிறேன். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடியிழையில் மின்சாரம் பாயாது, அதற்கு எர்த் எதற்கு என்று கேட்கிறார்கள். கண்ணாடியில் பாயாதுதான். ஆனால் புதைக்கும் கேபிளுக்கு எலியிடமிருந்து காப்பாக எஃகுப் பட்டை சுற்றப்பட்டிருக்கிறது, கம்பத்தில் தொங்கும் கேபிளுக்குத் தாங்குகம்பியாக எஃகு இழை இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் மண்ணிலும் காற்றிலும் ஓடிவரும் அந்த எஃகு, மின்னலின் ஒரு பங்கை நேராகக் கருவி அடுக்குக்குள் கொண்டுவரும். எஃகுக் காப்பை அறைக்குள் நுழையும் இடத்திலேயே பிரித்து எர்த் பட்டையில் கட்ட வேண்டும், அதற்கான கிளாம்ப் இணைப்புப் பெட்டியிலேயே தரப்படுகிறது. பெரும்பாலும் அது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

அந்த அலுவலகத்தை மனக்கண்ணில் பாருங்கள். சுவரில் ஒரு சிறு அடுக்கு, அதில் கண்ணாடியிழை வந்து முடியும் ஓ.என்.டி. கருவி, கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச், கீழே யு.பி.எஸ். வாசலில் ஒரு கம்பத்தின் உச்சியில் கண்காணிப்புக் கேமரா. கேமராவுக்குப் போகும் ஈதர்நெட் கேபிள் வெட்டவெளியில் மரத்தைத் தாண்டி வருகிறது. மின் இணைப்பு ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, அதன் எர்த் கட்டடத்தின் பின்புறம். கேமராக் கம்பத்துக்கு எர்த்தே கிடையாது. கண்ணாடியிழையின் எஃகு எங்கும் கட்டப்படவில்லை. மூன்று திசைகளிலிருந்து மூன்று உலோக வழிகள் ஓர் அறைக்குள் வந்து, இந்தச் சிறு சுவிட்ச்சின் சுற்றுப் பலகையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. எங்கோ அரை கிலோமீட்டர் தள்ளி இடி விழுந்தால்கூட அந்தப் பலகை தாங்காமல் போகலாம். பிறகு அது மாற்றப்படும்வரை ஊராட்சிக்கு இணையம் இல்லை. மூன்று வழிகளும் சுவருக்கு வெளியே ஒரே இடத்தில் நுழைந்து, அங்கேயே ஒரே செம்புப் பட்டையில் கட்டப்பட்டு, கேமராக் கேபிளுக்கு ஒரு தடுப்பானும் சேர்ந்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும். அதற்கு ஆகும் செலவு ஒரு சுவிட்ச்சை மாற்ற ஆட்களை வாகனத்தில் அனுப்பும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் மதிப்பீடு.

வீடுகளுக்கு இழை கொண்டுபோகும் உள்ளூர் கேபிள் தொழில்முனைவோரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டு இணைப்புக் கேபிளில் ஓடும் எஃகு இழையைப் பிரித்து, வீட்டின் வெளிச்சுவர்க் கொக்கியிலேயே நிறுத்திவிட வேண்டும். அதைக் கூடத்தில் இருக்கும் மோடம்வரை இழுத்து வரக் கூடாது. மின்கம்பங்களின் மேலேயே இக்கேபிள்கள் போகும் நம் தெருக்களில், காற்றில் ஒரு மின்கம்பி அறுந்து அந்த எஃகின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உலோகமே இல்லாத கேபிள் கிடைக்கும் இடங்களில் அதையே வாங்குங்கள்.

மண்ணுக்கு ஏற்ற வடிவமைப்பு இல்லை என்பது அடுத்த குறை. மூன்று மீட்டர் நீள எர்த் தண்டு ஒன்றை 100 ஓம்-மீட்டர் தடைத்திறன் (மண் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) கொண்ட மண்ணில் அடித்தால் ஏறத்தாழ 33 ஓம் கிடைக்கும். தடைத்திறன் 1,000 ஓம்-மீட்டர் ஆகும் பாறை நிலத்தில் அதே தண்டு 330 ஓமைத் தாண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பாறைமேல் நிற்கும் தளத்துக்கும், இராமநாதபுரம் கடலோரத்தில் உவர்மண்ணில் நிற்கும் தளத்துக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து ஒரே 1 ஓமைக் கேட்பது, பாறை நிலத்து ஒப்பந்ததாரரைப் பொய் எண் எழுதத் தூண்டுவதாகும். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் வேறொரு தொல்லை. மழையில் ஊறி நல்ல மதிப்புக் காட்டும் அதே மண், பங்குனியில் வெடித்துப் பிளந்து தண்டிலிருந்து விலகி நிற்கும். கார்த்திகையில் எடுத்த அளவை வைத்து அந்தத் தளத்தை ஏற்றுக்கொண்டால், சித்திரையின் முதல் இடிக்கு அது தயாராக இருக்காது. வறண்ட காலத்தில், வறண்ட நாளில் சோதிக்க வேண்டும் என்று நம் மின்பாதுகாப்பு விதிகளே சொல்லியிருந்தும், சோதனைக்கு முந்தைய நாள் குழியில் குடம் குடமாக உப்புநீர் ஊற்றப்படுவதைத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிவோம்.

அளக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. வளையமாகப் பிணைக்கப்பட்ட அமைப்பில் கிளாம்ப் வகை எர்த் டெஸ்டரை மாட்டினால், அது நிலத்தின் தடையைக் காட்டாமல் அந்த உலோக வளையத்தின் தடையையே காட்டக்கூடும். 0.1 ஓம் என்று மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அமைப்பின் அகலத்தைப்போலப் பல மடங்கு தொலைவில் மின்னோட்டம் செலுத்தும் ஆணியை அடித்து, அத்தொலைவின் 62 விழுக்காட்டில் மின்னழுத்தம் அளக்கும் ஆணியை வைத்து, அதை முன்னும் பின்னும் நகர்த்தி மதிப்பு நிலைக்கிறதா என்று பார்க்கும் பழைய மூன்று முனைச் சோதனைக்கு அரை நாள் ஆகும், இடமும் வேண்டும். நெருக்கமான நகரத் தளங்களில் அது இயலாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே இயலாது என்றே எழுதுங்கள், தவறான முறையில் எடுத்த எண்ணை எழுதாதீர்கள்.

பாறை நிலத்துக்கு வழியே இல்லையா என்றால், வழி உங்கள் கோபுரத்தின் காலடியிலேயே இருக்கிறது. 1940களில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில், மழையே அரிதான இடத்தில் படைக்கலக் கிடங்குகளுக்கு மின்னல் பாதுகாப்புச் செய்த ஹெர்பர்ட் உஃபர், கட்டட அடித்தளக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பையே நில முனையாகப் பயன்படுத்தினார். பல ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் அது 5 ஓம் அளவுக்குள் நிலைத்திருந்தது. கான்கிரீட் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துத் தக்கவைத்துக்கொள்வதே அதன் காரணம். நாற்பது மீட்டர் கோபுரம் ஒன்றின் அடித்தளத்தில் எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கான்கிரீட் கொட்டும் முன் அந்தக் கம்பிகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, அதிலிருந்து ஒரு முனையை வெளியே எடுத்துவிட்டால், எத்தனை குழி தோண்டியும் கிடைக்காத நில அமைப்பு கிடைக்கும். ஆனால் அடித்தளம் போடும் சிவில் ஒப்பந்தம் ஒருவரிடமும், எர்த் ஒப்பந்தம் வேறொருவரிடமும் இருப்பதால், இரண்டாமவர் தளத்துக்கு வரும்போது முதலாமவரின் கான்கிரீட் இறுகிப் போயிருக்கிறது.

செம்புத் திருட்டைக் காரணம் காட்டுவீர்கள் என்பதை அறிவேன். அது உண்மையான காரணம்தான், அதைத் தட்டிக்கழிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆளில்லாத் தளத்தில் பொருத்திய செம்புப் பட்டை சில நாளில் அறுத்தெடுக்கப்படுவதும், அறுபட்டது தெரியாமலே தளம் அடுத்த மழையைச் சந்திப்பதும் நடக்கிறது. அதற்காகவே வெளிப்புறத்தில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையையோ செம்பு பூசிய எஃகையோ பயன்படுத்துங்கள், போல்ட்டுக்குப் பதில் வெப்பப் பற்றவைப்பால் இணையுங்கள், எட்டும் உயரத்தில் இருப்பதைக் கான்கிரீட்டால் மூடுங்கள். மின்னலுக்கு உலோகத்தின் விலை முக்கியமல்ல, தொடர்ச்சியும் நீளமும்தான் முக்கியம்.

மாடிமேல் நிற்கும் கோபுரங்களில் இன்னொரு பொறுப்பும் உங்கள்மேல் இருக்கிறது. அங்கே இறங்குகம்பி குடும்பங்கள் வாழும் வீட்டின் சுவரை ஒட்டி வருகிறது. வெள்ளையடிக்க வந்தவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். கீழ்த்தளத்துக் கடைக்காரர் தம் தளத்தை நீட்டிக் கட்டும்போது எர்த் குழியின்மேல் கான்கிரீட் போட்டுவிடுகிறார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீட்டுக்காரருக்கு அந்தக் கம்பி எதற்கு என்று யாரும் சொன்னதில்லை. அது துண்டிக்கப்பட்டால் கோபுரத்தில் விழும் மின்னல் மாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக் குழாய், வீட்டு மின்கம்பி என்று தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அந்த வீட்டாருக்கு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எதைத் தொடக்கூடாது, எது கழன்றால் யாரை அழைக்க வேண்டும் என்பது அதில் இருக்கட்டும்.

கருவிகளைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். தளத்துக் காவலாளி சாய்ந்து நிற்கும் வேலியும், தொழில்நுட்பப் பணியாளர் பற்றி ஏறும் ஏணியும், டீசல் ஊற்ற வருபவர் தொடும் ஜெனரேட்டர் உடலும் அதே பிணைப்பில் சேர்ந்திருக்க வேண்டியவை. இவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மின்கசிவில் அதிர்ச்சி வாங்கினால் அதைச் சொல்லவும் தயங்குபவர்கள். வேலி வயரில் லேசாக ஷாக் அடிக்கிறது சார் என்று ஒருவர் சொன்னால், அதைப் புகார்ப் பதிவேட்டில் ஏற்றி அன்றே ஆளனுப்பும் நடைமுறை உங்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். ஏற்புச் சோதனைப் படிவத்தை மாற்றுங்கள். குழியின் ஓம் மதிப்பு இருந்த இடத்தில், கோபுரக் கால், கருவி அறைப் பட்டை, ஜெனரேட்டர் உடல், மின்வாரிய எர்த், வேலி, ஒவ்வொரு சேவை நிறுவனத்தின் கருவிப் பெட்டி ஆகிய எந்த இரண்டுக்கும் இடையிலான பிணைப்புத் தடையும் 0.1 ஓமுக்குள் இருப்பதாக, குறைந்த தடையை அளக்கும் கருவியால் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிணைப்புக் கம்பிகளின் நீளத்தையும் எழுதச் சொல்லுங்கள், சுருட்டி வைத்த வயர் இருந்தால் தளத்தை ஏற்காதீர்கள். பகிரப்படும் கோபுரத்தில் நில அமைப்புக்கு ஒருவரே பொறுப்பு என்றும், அது கோபுரம் நிறுவியவர்தான் என்றும், பின்னர் வருவோர் தனிக்குழி தோண்டக் கூடாது, இருக்கும் வளையத்தில்தான் சேர வேண்டும் என்றும் உங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மண்ணின் தடைத்திறனை முதலில் அளந்து, அதற்கேற்ப வடிவமைத்து, எட்டக்கூடிய மதிப்பையே நிர்ணயியுங்கள். 2018இல் திருத்தப்பட்ட, எர்த் அமைப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 3043 அதற்கான முறைகளைத் தருகிறது, அதன் சாரத்தைக் களப் பணியாளர் கையில் இருக்கும்படி படங்களோடு தமிழில் அச்சிடுங்கள். ஊராட்சி அலுவலகங்களுக்கு ஒரே நுழைவிடம், ஒரே பட்டை என்ற மாதிரி வரைபடம் ஒன்றை வெளியிட்டு, இதுவரை முடிந்த இடங்களிலும் அடுத்த பராமரிப்புச் சுற்றில் அதைச் செய்து முடியுங்கள்.

பழைய தளங்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில் சரிசெய்ய இயலாது என்பதை அறிந்தே சொல்கிறேன். கடந்த இரண்டு மழைக்காலங்களில் இடியால் கருவி இழந்த தளங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள். பங்குனிக்குள் அவற்றின் பிணைப்பை அளந்து முடித்து, அளந்த எண்களை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அளக்கும் முறையைக் களப் பணியாளருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம், அழைத்தால் வருவோம்.

இப்படிக்கு,
தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மின்வழங்கல் பொறியாளர்